ரவுண்டாக முன்னூறு

சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வந்த முதல் சண்டை "அஞ்சு நிமிஷம்" என்ற சொல்லால் வந்தது. அவர் ஃபோனில், "அஞ்சு நிமிஷத்துல வந்துருவேன்" என்பார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். இருபத்தேழு நிமிஷம் கழித்து வண்டிச் சத்தம் கேட்கும்.

"இருபத்தேழுன்னு சொன்னா வாய் வலிக்குமா?" என்று கேட்டேன்.

"எவளாவது புருஷன்கிட்ட இருபத்தேழு நிமிஷம்னு எதிர்பார்ப்பாளாடி? ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான்" என்றார்.

பேச்சுக்குச் சொல்வது என்பதே எனக்குப் பிடிக்காது. ஓசூரில் இருப்பவர்கள் பெங்களூருக்கு ஒரு மணி நேரம் என்று வாய் கூசாமல் சொல்வார்கள். அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் அந்த ஒரு மணி நேரம் தீர்ந்துவிடும். இறங்கும்போது இரண்டேகால் மணி நேரம் ஆகியிருக்கும். மறுநாள் யாராவது கேட்டால் மறுபடியும் ஒரு மணி நேரம்தான். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சந்தையில் தக்காளி போடுகிற அம்மா தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் கலந்து பேசுவார். தராசு தொள்ளாயிரத்து எண்பது காட்டினால் இன்னும் ஒன்றைத் தூக்கிப் போடுவார். ஆயிரத்து நாற்பது ஆகிவிடும். "அந்தக் குட்டித் தக்காளிய எடுத்துட்டு வேற போடுங்கக்கா, சரியா ஒரு கிலோ வரட்டும்" என்பேன். அவர் பக்கத்துக் கடைக்காரியிடம் தெலுங்கில் ஏதோ சொல்வார், இருவரும் சிரிப்பார்கள். எனக்கு லாபமாக இருந்தாலும் தப்பு தப்புதானே என்று நான் பிடிவாதமாக நிற்பேன். பின்னால் நிற்பவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

இப்படிப்பட்ட ஒருத்தியைத்தான் எங்கள் தொழிற்சாலையில் டைம் ஆபீஸில் உட்கார வைத்தார்கள்.

எங்கள் தொழிற்சாலை சூளகிரிப் பக்கம் இருக்கிறது. இரு சக்கர வண்டிகளுக்குப் பிரேக் பாகங்கள் செய்கிறோம். நான் பதினோரு வருஷமாக அங்கே இருக்கிறேன். ஏழு வருஷம் லைனில் நின்றேன். அப்புறம் கணக்கில் கெட்டிக்காரி என்று டைம் ஆபீஸுக்கு மாற்றினார்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் எத்தனை மணிக்கு விரல் வைத்தார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. நாலு வருஷத்தில் ஒருவர் வருகையைக்கூட நான் தவறாகப் போட்டதில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

நான் அங்கே சேர்ந்த கதையைச் சொல்லியாக வேண்டும். கோவில்பட்டியிலிருந்து ராத்திரி பஸ் ஏறி நேர்காணலுக்கு வந்தேன். தொப்பூர் மலைப்பாதையில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. ஏழு மணிக்கு இருக்க வேண்டியவள் பதினொரு மணிக்குத்தான் கேட்டில் போய் நின்றேன். மற்றவர்கள் காலையிலேயே பேர் எழுதிக்கொடுத்துவிட்டு, கேட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டது. பசியில் காது அடைத்தது. சுற்றிலும் சுவர்கள்தான், கடை கண்ணி எதுவும் இல்லை. எழுந்து போனால் அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு.

பன்னிரண்டரைக்குப் பாக்கு மட்டைத் தட்டுகள் வந்தன. சாம்பார் சாதம், பக்கத்தில் உருளைக்கிழங்கு. லேட்டாக வந்தவளுக்கு எங்கே இருக்கப்போகிறது என்று நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் எனக்கும் ஒரு தட்டு இருந்தது. இத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்கிறார்களே, அடேயப்பா, கம்பெனி என்றால் இதுவல்லவா கம்பெனி என்று நினைத்தேன். அந்தச் சோற்றின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. வேறு இரண்டு இடத்தில் வேலை கிடைத்தும் நான் போகவில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் விதிமுறை சொல்லிக்கொடுக்கிற வேலையும் என்னுடையதுதான். ஒவ்வொரு முறையும் இதைச் சொல்லித்தான் தொடங்குவேன்: "எனக்கு வேலை குடுக்கிறதுக்கு முன்னாடியே இந்தக் கம்பெனி சோறு போட்டுச்சு."

இப்போது கேன்டீன் மாஸ்டருக்கு வருகிறேன். சமையலுக்குப் பொறுப்பானவரை எங்கள் பக்கம் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். கல்லாவி என்கிற ஊர்க்காரர். ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு, பெரிய குரல். சூளகிரியில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்குப் போவார். தினமும் காலை ஒன்பதேகாலுக்கு நான் அவருக்கு ஃபோன் செய்து மத்தியானச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். நாலு வருஷமாக எங்கள் பேச்சு இப்படித்தான் இருந்தது.

"எத்தினி மேடம்?"

"எரநூத்தி எம்பத்தேழு."

"சரிங்க, முன்னூறு."

"முன்னூறு இல்லண்ணே. எரநூத்தி எம்பத்தேழு."

"அதான் மேடம். ரவுண்டா முன்னூறு."

"ரவுண்டா எதுக்கு? நான்தான் சரியாச் சொல்லுதேன்ல?"

"முட்டை அட்டை முப்பது முப்பதா வருது மேடம். பத்து அட்டை முன்னூறு. எம்பத்தேழுக்கு அரை அட்டைய நான் எங்க போயி ஒடைக்கட்டும்?"

"இன்னைக்கு முட்டையே கிடையாதே!"

"நாளைக்கு இருக்குதுல்ல" என்று வைத்துவிடுவார்.

ஒரு நாள் மட்டும் அவரிடம் நான் சரியாக மாட்டிக்கொண்டேன். சானமாவு காட்டுப் பக்கம் யானைக் கூட்டம் ரோட்டைக் கடக்கிறது என்று காலையிலேயே வாட்ஸப்பில் வந்துவிட்டது. ராயக்கோட்டை ரோட்டிலிருந்து வருகிற எங்கள் இரண்டு பஸ்ஸையும் வனத்துறைக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். ஒன்பதேகாலுக்கு மெஷினில் இருநூற்றுப் பதினான்கு பேர்தான் இருந்தார்கள். இருநூற்றுப் பதினான்கு என்று சொன்னேன். "சரிங்க, முன்னூறு" என்றார். "அண்ணே, மெஷின் சொல்லுது" என்றேன். "மெஷினுக்கு யானை தெரியுமா மேடம்?" என்றார். பன்னிரண்டு மணிக்கு எண்ணினால் இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. அன்றைக்கு எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். நான் மட்டும் இரண்டு நாள் அவருடன் பேசவில்லை. அவர் சொன்னது சரியாகிவிட்டதே என்ற கடுப்புதான், வேறென்ன.

போன வருஷம் புது மேனேஜர் வந்தார். நல்ல மனிதர்தான். எதையும் எண்ணால் பார்க்க வேண்டும் என்பார், அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. கேன்டீன் வாசலில் ஒரு பலகை மாட்டச் சொன்னார். 'இன்று வீணான உணவு' என்று எழுதி, தினமும் மிச்சமான சாப்பாட்டை எடைபோட்டு அதில் குறிக்க வேண்டும். நாலு கிலோ, மூன்றரை கிலோ, நாலு கிலோ என்று வந்தது. எல்லோரும் பரவாயில்லையே என்றார்கள். எனக்குத்தான் உறுத்தியது.

முன்னூறு பேருக்கு ஆக்குகிறார். இருநூற்று எண்பத்தேழு பேர் சாப்பிடுகிறார்கள். பதிமூன்று சாப்பாடு மிஞ்ச வேண்டும். ஒரு தட்டை ஸ்டோர் தராசில் வைத்துப் பார்த்தேன், அறுநூறு கிராமுக்குக் கொஞ்சம் மேல். அறுநூறு என்றே வைத்துக்கொண்டேன். பதிமூன்று தட்டுக்கு ஏறத்தாழ எட்டுக் கிலோ. அதற்கு மேல் தட்டுகளில் மிச்சம் வைப்பது வேறு இருக்கிறது. பலகையிலோ மொத்தமே நாலு கிலோ. அது தட்டு மிச்சத்துக்கே சரியாகிவிடும். அப்படியானால் தினமும் எட்டுக் கிலோ சாப்பாடு எங்கே போகிறது? ஒரு மாதம் முழுக்கக் குறித்து வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு நாள் பத்துச் சாப்பாடு, ஒரு நாள் பதினைந்து. ஒரு நாள்கூடத் தப்பாமல் காணாமல் போயிருந்தது.

அந்த மாதத்தில்தான் ஒரு மத்தியானம் மாஸ்டர் தன் மொபெட்டின் பின்னால் மூடிபோட்ட பெரிய வாளி ஒன்றைக் கயிற்றால் கட்டுவதைப் பார்த்தேன். ஓகோ என்று நினைத்துக்கொண்டேன். வாளிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் கேட்கிற புத்தி போய்விடும்.

மறுநாள் ஒன்பதேகாலுக்கு, "அண்ணே, இன்னையிலேர்ந்து நான் சொல்லுற எண்ணிக்கைதான். ஒண்ணு கூடக்கூடாது" என்றேன்.

"மனுசங்க வந்து சாப்பிடற எடம் மேடம் இது. போல்ட்டு நட்டு எண்ற மாதிரி எண்ண முடியுங்களா?"

"எண்ணுறதுக்குத்தான் எனக்கு சம்பளம்."

"எண்ணுங்க மேடம். நல்லா எண்ணுங்க. நான் முன்னூறுக்கு ஒல வெச்சிட்டன்" என்று ஃபோனை வைத்தார்.

வந்ததே கோபம்! அப்படியே உட்கார்ந்து மேனேஜருக்கு மெயில் தட்டினேன். தேதி வாரியாக, தட்டு வாரியாக, கிலோ வாரியாக எல்லாவற்றையும் போட்டு, 'தினமும் பத்து முதல் பதினைந்து சாப்பாடு கணக்கில் வரவில்லை' என்று முடித்தேன். எழுதி அனுப்பிவிட்டுத் தெம்பாக டீ குடித்தேன். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

திங்கட்கிழமை மேனேஜர் கேன்டீன் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுவிட்டார். இன்று முதல் டைம் ஆபீஸ் சொல்லும் எண்ணிக்கைக்கு மட்டுமே சமைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை மாஸ்டரை வைத்து விசாரிக்கப் போகிறோம், காணாமல் போன சாப்பாட்டுக்குப் பதில் வராவிட்டால் அவரை அனுப்பிவிட வேண்டியது என்று முடிவாயிற்று. அதுவரை கணக்கு, தப்பு என்றே பேசிக்கொண்டிருந்த எனக்கு, அனுப்பிவிடுவது என்ற சொல் உறுத்தியது. ஆனாலும் என் எண்ணிக்கையை நான் விடவில்லை. செவ்வாய்க்கிழமை ஃபோனில் இருநூற்று எண்பத்து நாலு என்றேன். "சரிங்க மேடம், எரநூத்தி எம்பத்தி நாலு" என்றார். உடனே ஃபோனை வைத்துவிட்டார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

புதன்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு, நேர்காணலுக்கு வந்தவர்களின் பட்டியலை வாங்கிவர நானே கேட்டுக்குப் போனேன். வழக்கமாக அது உள்ளே வந்துவிடும். அன்றைக்குக் கொண்டுவர ஆள் இல்லை. தகரக் கொட்டகையில் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. கடைசியில் இருந்த ஒரு பெண் என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"எக்கா, இங்கன பக்கத்துல கடை எதுவும் இருக்கா? ஒரு பன்னு கிடைச்சாக்கூடப் போதும்."

எங்கள் ஊர்ப் பேச்சு. கேட்டதும் அப்படியே நின்றுவிட்டேன்.

"எந்த ஊரும்மா?"

"சங்கரன்கோவில்க்கா. நேத்துச் சாயங்காலம் பஸ் ஏறுனது."

நான் செக்யூரிட்டியிடம் திரும்பினேன். அவர் கெலமங்கலத்துக்காரர், எனக்கு முன்னாலிருந்தே அங்கே இருப்பவர். அப்போது ஒரு கர்நாடக லாரி டிரைவரிடம், சாப்பாடு ஆயிற்றா என்று கன்னடத்தில், "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் உதட்டைப் பிதுக்கினார்.

"இவங்களுக்கெல்லாம் இன்னும் சாப்பாடு வரலியா?" என்று கேட்டேன்.

"அது நின்னுபோச்சும்மா. மாஸ்டர் அனுப்பறதுதான். இந்த வாரத்துல இருந்து எண்ணி ஆக்கச் சொல்லிட்டாங்களாம். ஒரு தட்டுகூட மிஞ்ச மாட்டேங்குதுன்னாரு. யாரோ கணக்குப் பாத்து எழுதிப் போட்டுட்டாங்களாம்."

"மாஸ்டர் அனுப்புறதா? கம்பெனி தனியா வரவழைச்சுப் போடுற சாப்பாடு இல்லையா அது?"

அவர் சிரித்தார். "கம்பெனியா? நல்லா கேட்டீங்க போங்க. கம்பெனிக்கு இவங்க யாருன்னே தெரியாதே. பேரு ஏறினாத்தானே தெரியும்? கேட்டுல காத்திருக்கறவங்க, லாரிக்காரங்க, கூட்டிப் பெருக்கற நாலு பொம்பளைங்க, அவங்களுக்கும் டோக்கன் கெடையாது. எல்லாருக்கும் மாஸ்டர்தான். நான் வந்த நாள்ல இருந்து."

நாலு பெண்கள், ஒரு டிரைவர், கேட்டில் ஐந்து பேர், அல்லது எட்டுப் பேர், அல்லது பத்துப் பேர். மனசு தன்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டே போயிற்று. பத்து, பதிமூன்று, பதினைந்து. என் மெயிலில் இருந்த ஒவ்வொரு எண்ணும் வரிசையாக வந்து உட்கார்ந்தது. ஒரு தட்டு பாக்கியில்லாமல் கணக்கு நேராயிற்று.

என் டோக்கனை அந்தப் பெண்ணிடம் கொடுத்து, செக்யூரிட்டியைத் துணைக்கு அனுப்பி, கேன்டீனில் சாப்பிட வைத்தேன். எண்ணிக்கை மாறாது, எனக்குப் பதில் அவள். மற்ற பத்துப் பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பையில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தேன். ஆளுக்கு ஒன்றுகூட வரவில்லை.

மூன்று மணிக்குச் சமையற்கட்டுக்குப் போனேன். மாஸ்டர் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஏண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன். அப்போதும் குரல் சண்டைக்குரலாகத்தான் வந்தது.

"சொன்னா நீங்க எழுதணும் மேடம். எழுதாம இருந்தா உங்களுக்குத் தூக்கம் வராது. எழுதினா மேல பேரு கேப்பாங்க, நம்பர் கேப்பாங்க. கேட்டுல குந்தினு இருக்கறவங்களுக்கு ஏது நம்பரு? வெளியாளுக்குச் சோறு போடக்கூடாதுன்னு ஒரே வரியில நிறுத்திடுவாங்க. அதான் ரவுண்டுல வெச்சிருந்தன்."

"வாளி?"

"எந்த வாளி? ஓ, அதுவா? கழுநீரு மேடம். நான் தங்கியிருக்கற வீட்டுல மாடு வெச்சிருக்காங்க. அதையும் எழுதிட்டீங்களா?"

"இல்லண்ணே" என்றேன். நல்லவேளை, அதை எழுதவில்லை.

அப்புறம் பதினோரு வருஷத்துக்கு முந்தைய கதையைச் சொன்னேன். தொப்பூரில் பஸ் நின்றது, பதினொரு மணிக்கு வந்தது, சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு. அவர் முகத்தில் ஞாபகம் வருகிறதா என்று பார்த்தேன். ம்ஹூம்.

"அப்பல்லாம் தெனமும் உருளக்கெழங்குதான் மேடம். எத்தினியோ பேரு வந்தாங்க, போனாங்க. எனக்கு எங்க தெரியுது?"

"நான் லேட்டா வந்தேன். லிஸ்டுலகூட இல்ல. எனக்கு எப்படி ஒரு தட்டு இருந்துச்சு?"

"எண்ணிக்கைக்கு மேல ரெண்டு தட்டு எப்பவுமே அனுப்புவன். பஸ்ஸு லேட்டாயி எவனாச்சும் வருவானே" என்றார்.

நான் அங்கேயே நின்று அழுதேன். எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன், கம்பெனி சோறு போட்டது, கம்பெனி கணக்கு அப்படி என்று! என்னை உள்ளே கொண்டுவந்ததே கணக்கில் இல்லாத ஒரு தட்டு. அந்தத் தட்டைத்தான் நான் ஒரு மாதம் முழுக்கத் துருவித் துருவிக் கண்டுபிடித்திருக்கிறேன். "அட, விடுங்க மேடம், அழுவாதீங்க, பசங்க பாக்கறாங்க" என்று அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார். வெள்ளிக்கிழமை தன் வேலை போய்விடுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். உண்மையைச் சொன்னால் வெளியாட்களுக்குச் சோறு போட்டதாக மாஸ்டர் மாட்டுவார். சொல்லாவிட்டால் திருடியதாக மாட்டுவார். ஒரே வழிதான் இருந்தது.

"என் கணக்குத் தப்புன்னு சொல்லப்போறேன்" என்றேன்.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "நீயா? நீ சொல்லப்போறியா? இரு, வீடியோ எடுத்து வச்சுக்கிடுதேன்."

"போங்க அங்கிட்டு!"

"இல்லடி" என்று அப்புறம் மெதுவாகச் சொன்னார், "சொல்லிரு. உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். சொல்லிரு."

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. மேனேஜர் அறையில் காண்ட்ராக்டர், மாஸ்டர், நான். மாஸ்டர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மேஜைமேல் என் மெயில் அச்சடித்துக் கிடந்தது.

"மேடம் ரிப்போர்ட்ல ரொம்பத் தெளிவா இருக்கு" என்று மேனேஜர் தொடங்கினார். "தினம் எட்டுக் கிலோ. எங்க போகுது மாஸ்டர்?"

மாஸ்டர் வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "சார், அந்தக் கணக்கு தப்பு."

"எந்தக் கணக்கு?"

"என் கணக்குதான் சார். ரெண்டாவது தடவை சோறு வாங்குறவங்கள நான் சேர்க்கவே இல்ல. எட்டுக் கிலோவ எரநூத்தி எம்பத்தேழு பேருக்கு வகுத்துப் பாருங்க. ஆளுக்கு முப்பது கிராம்கூட வராது. கரண்டியில கால்வாசி. நம்ம ஆளுங்க மறுசோறு வாங்குறதுக்கு அது ரொம்பக் கம்மி."

அவர் செல்ஃபோனில் வகுத்துப் பார்த்தார். இருபத்தேழு சொச்சம் கிராம் வந்தது. பெருக்கிக் கண்டுபிடித்ததை வகுத்துத் தொலைத்துவிட்டேன். பொய்தான். மறுசோற்றுக்கும் சேர்த்துத்தான் அரிசி போடுகிறார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். என் ஆயுசில் அப்படி ஒரு கேவலமான கணக்கை நான் போட்டதில்லை.

"அப்ப எதுக்கு இந்த மெயில் அனுப்பினீங்க?"

"அவசரப்பட்டுட்டேன் சார். கோவத்துல எழுதிட்டேன். மாஸ்டர் மேல எந்தத் தப்பும் இல்ல. அவர் ஆக்கினது எல்லாம் வயித்துக்குள்ளதான் போயிருக்கு."

கடைசி வாக்கியம் மட்டும் முழு உண்மை. மேனேஜர் என்னையே பார்த்தார். என்ன புரிந்ததோ, புரியவில்லையோ தெரியாது. காண்ட்ராக்டர் பெருமூச்சு விட்டார். மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே இப்படியா மேடம்?" என்றார் மேனேஜர். "சரி. மாஸ்டர் இருக்கட்டும். ஆனா இது உங்க ஃபைல்ல ஏறும். இனிமே தினமும் எண்ணிக்கைய நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். கூடினாலும் குறைஞ்சாலும் நீங்கதான் பதில் சொல்லணும்."

சாயங்காலமே கடிதம் வந்துவிட்டது. 'கணக்கில் கவனக்குறைவு' என்று எழுதியிருந்தது. பதினோரு வருஷத்தில் எனக்கு வந்த முதல் கடிதம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நாலு முறை படித்தேன். கவனக்குறைவு என்ற சொல் ஒவ்வொரு முறையும் சுருக்கென்று குத்தியது. வலிக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். வீட்டுக்காரர், "சட்டம் போட்டு ஹால்ல மாட்டிருவோமா?" என்றார். தலையணையை எடுத்து எறிந்தேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மெஷினைப் பார்த்தேன். இருநூற்று எண்பத்து மூன்று. பேனாவை எடுத்தேன், கீழே வைத்தேன். முதலில் கேட்டுக்கு ஃபோன் செய்து செக்யூரிட்டியிடம் நாலு கேள்வி கேட்டேன். அப்புறம் ஒன்பதேகாலுக்கு மாஸ்டருக்கு அடித்தேன்.

"எத்தினி மேடம்?"

"எரநூத்தி எம்பத்தி மூணு."

"சரிங்க. எரநூத்தி எம்பத்தி மூணு." பயந்த குரல். நாலு வருஷமாக என்னுடன் மல்லுக்கு நின்ற குரலா இது என்று இருந்தது.

"இருங்கண்ணே, நான் இன்னும் முடிக்கல. கேட்டுல ஒம்பது பேரு உக்காந்திருக்காங்க. லாரி டிரைவர் ரெண்டு. கூட்டுற அக்காங்க நாலு பேரு. பதினஞ்சு."

அந்தப் பக்கம் உலைத் தண்ணீர் கொதிப்பது கேட்டது.

"முன்னூறுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றேன்.

"மேடம்" என்றார். "எரநூத்தி எம்பத்தி மூணும் பதினஞ்சும் எரநூத்தித் தொண்ணூத்தெட்டுதானே வருது? மீதி ரெண்டு யாருக்கு?"

"எவளாச்சும் வருவாண்ணே" என்றேன். "பஸ்ஸு லேட்டாயிருக்கும்."